பேர் எழுத வேண்டாம்

எஸ்தருக்கு ஒரு வியாதி உண்டு. எதைப் பார்த்தாலும் ஏன் என்று கேட்பாள். கேட்டதோடு விட்டாலும் பரவாயில்லை, உட்கார்ந்து எண்ண ஆரம்பித்துவிடுவாள். தென்னேரியில் அவளுக்கு ஒன்பது வயசாக இருந்தபோது, வாலாஜாபாத்துக்குப் போகிற முதல் பஸ் சில நாள் மட்டும் ஏன் லேட்டாக வருகிறது என்று அவளுக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. அவள் அப்பா அந்த பஸ்ஸில்தான் அரிசி மில்லுக்கு மூட்டை தூக்கப் போவார். இரண்டு மாசம் வீட்டுச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு போட்டு வைத்தாள். பிறகு ஒருநாள் கண்டக்டரை நிறுத்தி, "திங்கக்கெழம மட்டும்தான் நீங்க லேட்டு. ஞாயித்துக்கெழம இன்னா பண்றீங்க?" என்று கேட்டுவிட்டாள். ஊரே சிரித்தது. அப்பாவுக்கு மானம் போனது, சுவரைக் கரியாக்கியதற்கு அம்மாவிடம் முதுகில் நாலு விழுந்தது. ஆனால் அடுத்த திங்கட்கிழமை பஸ் நேரத்துக்கு வந்தது. அதைப் பற்றி யாரும் அவளிடம் ஒரு வார்த்தை பேசவில்லை.

இப்போது அவளுக்கு முப்பத்தெட்டு. காஞ்சிபுரத்தில் ஓரிக்கைப் பக்கம் வீடு. புருஷன் ஜோசுவா பட்டுப் புடவைக் கடையில் வேலை செய்கிறார். என்ன வேலை என்றால், கல்யாணக் கூட்டம் வந்து எண்பது புடவையை விரிக்கச் சொல்லிப் பார்த்துவிட்டு, "அப்புறம் வர்றோம்" என்று எழுந்து போகும் அல்லவா, அந்த எண்பதையும் பழைய மடிப்பிலேயே மடித்து அடுக்குகிற வேலை. "உனுக்கு கோவமே வராதா?" என்று எஸ்தர் கேட்டிருக்கிறாள். "மடிக்கறச்ச ஒண்ணும் நெனைக்க மாட்டேன்" என்றார் அவர். ஒன்றும் நினைக்காமல் ஒரு மனுஷனால் எப்படி வேலை செய்ய முடியும் என்று அவள் ஒரு வாரம் யோசித்துக்கொண்டிருந்தாள்.

எஸ்தர் போவது ஸ்ரீபெரும்புதூர் பக்கத்தில் ஒரு கம்பெனிக்கு. காருக்குள் கண்ணுக்குத் தெரியாமல் ஓடுகிற ஒயர்களைக் கட்டுக் கட்டாகக் கட்டித் தருகிற கம்பெனி. கம்பெனி பஸ் விடிவதற்கு முன்பே ரங்கசாமி குளத்துக்கு வந்து நிற்கும். ஏறியதும் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள். எஸ்தர் தூங்குகிறவர்களை எண்ணுவாள்.

ஆறு லைன்கள் உள்ள அந்தத் தொழிற்சாலையில் நாலாம் லைனுக்கு அவள்தான் லீடர். அவளுக்குக் கீழே பத்துப் பெண்கள். லீடர் என்ற பட்டை சட்டைக் கையில் இருந்தாலும் ஆள் என்னவோ காண்ட்ராக்ட்தான், பதினோரு வருஷமாக. இந்த வருஷம் பர்மனெண்ட் ஆகப் போகிறவர்களின் லிஸ்டில் அவள் பேர் வந்துவிட்டது. கையில் ஆர்டர் வர வேண்டியதுதான் பாக்கி. பர்மனெண்ட் என்றால் காய்ச்சல் வந்தால் லீவு எடுக்கலாம், நாளைக்கு வர வேண்டாம் என்று கேட்டில் வைத்துச் சொல்ல முடியாது. பதினோரு வருஷமாக அவள் ஆசைப்பட்ட ஒரே காகிதம் அது.

லைனில் ஐந்து வேலைகள். ஒயர் போடுவது, கனெக்டர் செருகுவது, டேப் சுற்றுவது, கிளிப் மாட்டுவது, கடைசியில் செக்கிங். ஒவ்வொரு இடத்துக்கும் மேலே அங்கே நிற்கிறவளின் போட்டோ தொங்கும். இந்த வேலைக்குப் பரீட்சை எழுதிப் பாஸ் செய்தவள் இவள் என்று அர்த்தம். போட்டோவில் இருக்கிறவளைத் தவிர வேறொருத்தி அங்கே கை வைக்கக் கூடாது. கார் கம்பெனியிலிருந்து வருகிற ஆடிட்டர் முதலில் பார்ப்பதே அதைத்தான். போன வருஷம் இரண்டாம் லைனில் ஆள் வராத நாளில் வேறு ஒருத்தியை நிற்க வைத்த லீடரை அன்று சாயங்காலமே வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள்.

இது தெரிந்தும் எஸ்தர் ஒன்றேகால் வருஷமாக அதே தப்பைத் தினமும் செய்துகொண்டிருந்தாள்.

ஆரம்பித்தது எல்லம்மாளால். எல்லம்மாள் பிள்ளையார்பாளையத்துக்காரி, நாற்பத்தைந்து வயசு, லைனிலேயே மூத்தவள், டேப் சுற்றுகிறவள். ஒருநாள் மணிக்கட்டு வீங்கிப்போய் வந்தாள். வீட்டுக்கு அனுப்பினால் அன்றைய சம்பளம் போகும். எஸ்தர் அவளைக் கிளிப் மாட்ட விட்டு, ஒரு மணி நேரத்துக்கு ஒருத்தியாக டேப் சுற்ற வைத்து அன்றைய பொழுதை ஓட்டினாள். சாயங்காலம் பார்த்தால் தப்புப் போன கட்டு இரண்டுதான். வழக்கமாக ஏழெட்டு போகும். வேறு யாராக இருந்தாலும் கடவுள் கிருபை என்று வீட்டுக்குப் போயிருப்பார்கள். எஸ்தருக்கு அன்று தூக்கம் வரவில்லை. ஏன் இரண்டு?

மறுநாளிலிருந்து பரிசோதனை தொடங்கியது. சாப்பாட்டு நேரத்தில் கழிவு ஒயரை வைத்துப் பத்துப் பேருக்கும் ஐந்து வேலையையும் பழக்கினாள். ஒரு வாரம் இடம் மாறுவது, ஒரு வாரம் மாறாமல் நிற்பது, திரும்ப மாறுவது. சபையில் கொடுத்த காலண்டரில் ஒவ்வொரு நாளின் கட்டத்திலும் எத்தனை தப்பு, எத்தனை பேர் வரவில்லை என்று பொடி எழுத்தில் குறித்தாள். மாறிய வாரங்களில் தப்பு பாதிக்கும் கீழே இறங்கியது, தலைவலி என்று லீவு போடுகிறவர்கள் வர ஆரம்பித்தார்கள். மாறாத வாரங்களில் எல்லாம் பழையபடி. நாலு மாசம் இப்படிப் பார்த்த பிறகு மாறாத வாரத்தை அவளாலேயே சகிக்க முடியவில்லை, நிறுத்திவிட்டாள்.

மாறுவது வெளியில் தெரியாது. மணிக்கு ஒருமுறை எஸ்தர், "தண்ணி குடிச்சிட்டு வாங்கப்பா" என்பாள். இரண்டிரண்டு பேராகப் போவார்கள், திரும்பி வரும்போது வேறு இடத்துக்கு வருவார்கள். யார் எங்கே என்பதை அவர்களே பேசி வைத்துக்கொள்வார்கள். இன்று எனக்குக் கால் வலி, செக்கிங்கில் உட்காருகிறேன் என்பாள் ஒருத்தி. எனக்கு வீட்டில் சண்டை, டேப்பைக் கொடு, நல்லா இழுத்துச் சுற்றினால் மனசு ஆறும் என்பாள் இன்னொருத்தி. தலையில் நீலத் தொப்பி, முகத்தில் மாஸ்க். கேமராவில் பார்த்தால் பெற்ற தாய்க்கே அடையாளம் தெரியாது.

இந்த நிலையில்தான் சிம்ரன் வந்தாள். பேரைக் கேட்டு வடநாட்டுப் பெண் என்று எல்லோரும் ஆவலாகப் பார்த்தார்கள். வந்தவள் வாலாஜாபாத்துக்காரி. அவள் பிறந்த காலத்தில் அவள் அப்பா நிறையச் சினிமா பார்த்திருக்கிறார், அவ்வளவுதான். சென்னையில் மனோதத்துவத்தில் பிஎச்டி செய்கிறாள். வேலை செய்கிற இடத்தில் ஜனங்கள் மனசு எப்படி இருக்கிறது, வேலையில் ஈடுபாடு எதனால் வருகிறது, எதனால் போகிறது என்பது அவள் ஆராய்ச்சி. இதைக் கேட்டதும் எஸ்தருக்கு மயிர் சிலிர்த்தது. இதற்கெல்லாம் படிப்பு இருக்கிறதா?

கேன்டீனில் வைத்து நாற்பது கேள்விகள் உள்ள பாரத்தைக் கொடுத்தாள். ஒவ்வொன்றுக்கும் ஒன்றிலிருந்து ஐந்து வரை கட்டம். "பேர் எழுத வேண்டாம், எம்ப்ளாயி நம்பர் வேண்டாம். லைன் நம்பர் மட்டும் போதும். யார் என்ன எழுதினீங்கன்னு எனக்கே தெரியாது. தைரியமா எழுதுங்க" என்றாள் சிம்ரன். எல்லோரும் பேனாவைத் திறந்தார்கள்.

எல்லம்மாள் ஐந்தே நிமிஷத்தில் எழுந்துவிட்டாள். எல்லாக் கேள்விக்கும் ஐந்து. "கம்பெனி சோறு போடுது. ஃபுல் மார்க்கு போட்டுட்டேன்" என்றாள். எஸ்தர் மட்டும் பாரத்தை முன்னும் பின்னும் புரட்டிக்கொண்டு, கூட்டம் கலைந்த பிறகு சிம்ரனிடம் வந்தாள்.

"ஏம்மா, ஏழாவதுல வேலைக்குக் கெளம்பறச்ச உற்சாகமா இருக்குதான்னு கேக்கற. முப்பத்தொண்ணுல வேலைன்னாலே சோர்வா இருக்குதான்னு கேக்கற. ஒரே கேள்விய குப்புறப் போட்டு கேட்டுக்கினு இருக்கியே, ஏன்?"

சிம்ரன் பாரங்களை அடுக்குவதை நிறுத்திவிட்டு அவளைப் பார்த்தாள். "யோசிக்காம வரிசையா டிக் அடிக்கிறவங்கள கண்டுபிடிக்கக்கா. எட்டு கம்பெனிக்குப் போயிட்டேன். இத யாரும் கேட்டதில்ல."

"அப்போ எல்லம்மாக்கா மாட்டிக்கிச்சு" என்றாள் எஸ்தர். இரண்டு பேரும் சிரித்தார்கள். அன்றைக்கே இருவருக்கும் ஒட்டிக்கொண்டது.

ஒரு மாசம் கழித்து சிம்ரன் திரும்ப வந்தாள். மனிதவளத் துறை மேனேஜர் தினகரன் அறையில் அரைமணி நேரம் பேசிவிட்டு நேராக எஸ்தரைத் தேடி வந்தாள். கேன்டீன் மூலையில் உட்கார்ந்தார்கள்.

"அக்கா, எனக்கு ஒண்ணு புரியல. ஆறு லைனுக்கும் ஒரே சம்பளம், ஒரே சாப்பாடு, ஒரே பஸ். அஞ்சு லைன் ஒரே மாதிரி இருக்குது. உங்க லைன் மட்டும் எங்கியோ மேல நிக்குது. கூட்டுனது தப்போன்னு மூணு தடவ கூட்டிப் பாத்தேன். அப்பிடி என்னதான் செய்றீங்க?"

எஸ்தர் நாக்கைக் கடித்துக்கொண்டாள். சொல்ல வேண்டும் என்று வாய் துடித்தது. காலண்டரை எடுத்து வந்து காட்ட வேண்டும் போல் இருந்தது. ஆனால் ஆர்டர் வரப்போகிற நேரம். "ஒண்ணும் இல்லம்மா. எல்லாம் நல்ல பொண்ணுங்க" என்றாள்.

"கடைசிக் கேள்வில ஒருத்தங்க எழுதியிருக்காங்க." சிம்ரன் பையிலிருந்து ஒரு பாரத்தை எடுத்தாள். கடைசிக் கேள்விக்குக் கட்டம் கிடையாது, சொந்தமாக எழுத வேண்டும். உங்கள் வேலையில் உங்களுக்குப் பிடித்தது எது? அதற்குக் கீழே அழகான கையெழுத்தில் இருந்தது: 'எங்கள் லைனில் ஒருவரே ஒரு வேலையைச் செய்வது இல்லை. மணிக்கு ஒரு தரம் நாங்களே இடம் மாற்றிக்கொள்கிறோம். அதனால் போர் அடிப்பதில்லை.'

அது தன் வேலைக்கே உலை வைக்கிற வரி என்று எஸ்தருக்குத் தெரிந்தது. ஆனால் அவள் கண் போனது எழுத்துக்கு அல்ல, பாரத்தின் தலைக்கு. அங்கே சின்னதாக, 'ஜினாய நம' என்று எழுதியிருந்தது.

"மத்த பாரத்த காட்டு" என்றாள். சிம்ரன் நாலாம் லைன் கட்டை எடுத்துக் கொடுத்தாள். எஸ்தர் ஒவ்வொன்றாகப் புரட்டினாள். ஆறில் பிள்ளையார் சுழி. ஒன்றில் ஓம் சக்தி. மூன்றில் சிலுவை, அதில் ஒன்று அவளே போட்டது, போட்டதுகூட அவளுக்கு ஞாபகம் இல்லை. முதல் வகுப்பிலிருந்து வெள்ளைத் தாள் கையில் வந்தால் எல்லோருக்கும் கை தானாகப் போகிற இடம் அது. சாமியைக் கும்பிட்டுவிட்டுத்தான் முதல் எழுத்து. பேர் எழுத வேண்டாம் என்று சொன்ன பிறகும் ஒருத்தி பாக்கியில்லாமல் போட்டு வைத்திருந்தார்கள்.

"இது யாருதுன்னு யாருக்கும் தெரியாதுன்னு சொன்னியே" என்றாள் எஸ்தர் மெதுவாக. "நாலாம் லைன்ல ஜைன நயினார் வூட்டுப் பொண்ணு ஒண்ணே ஒண்ணுதான். ஸ்ரேயா."

சிம்ரன் பாரத்தை வாங்கி வெறித்துப் பார்த்தாள். "நானே எல்லா எக்ஸாம்லயும் உ போட்டுத்தானே எழுதியிருக்கேன்" என்றாள். "அறுபதுக்கு மேல பாரம் பாத்தேன்கா. என் கண்ணுலயே படல." அப்புறம்தான் அவளுக்கு இன்னொன்று ஞாபகம் வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் பாரங்களின் நகலைக் கம்பெனிக்குக் கொடுப்பதாக அவள் கையெழுத்துப் போட்டிருந்தாள். பேரே இல்லாத தாள்தானே, கொடுத்தால் என்ன என்று போட்ட கையெழுத்து.

அன்று செவ்வாய்க்கிழமை.

"தலைய மட்டும் வெட்டிடறேன்" என்றாள் சிம்ரன். "எல்லாப் பாரத்துலயும் மேல ஒரு இஞ்ச் கத்தரிச்சுட்டு நகல் எடுக்கறேன்."

"வெட்டு. ஆனா எழுதனது இருக்குதே. நாலாம் லைன்னு இருக்குதே."

"அந்த ஒரு பாரத்த எடுத்துடறேன்கா. நானே கிழிச்சுப் போட்டுடறேன்."

"எடுத்துட்டா உன் ஆராய்ச்சி பொய் ஆயிடாதா?"

சிம்ரன் பாரத்தைக் கட்டுக்குள் திரும்பச் செருகினாள். பிறகு, "ஆயிடும்" என்றாள். "உங்க லைன் ஏன் மேல இருக்குதுன்னு கடைசி வரைக்கும் யாருக்கும் தெரியாது."

எஸ்தர் அன்று பஸ்ஸில் யாரையும் எண்ணவில்லை. பின் சீட்டில் ஸ்ரேயா ஜன்னலில் தலை சாய்த்துத் தூங்கிக்கொண்டிருந்தாள். இருபத்திரண்டு வயசு. திருப்பருத்திக்குன்றம் பக்கத்தில் வீடு. பொய் சொல்லத் தெரியாத பெண். இவளை தினகரன் கூப்பிட்டு, மாஸ்க்கைக் கழற்றச் சொல்லி, இது என்ன என்று ஒரு கேள்வி கேட்டால் போதும், அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொல்லிவிடுவாள். சொன்ன பாவத்தை ஆயுசுக்கும் சுமப்பாள். எஸ்தர் அக்கா வேலை என்னால்தான் போனது என்று.

இது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், ஒப்புக்கொள்ள எஸ்தருக்கே கூச்சமாக இருந்தாலும், அந்த வியாதி. இடம் மாறியதால்தான் லைன் நன்றாக இருக்கிறதா, இல்லை வேறு ஏதாவதா? இன்னொரு லைனில் செய்து பார்த்தால் தெரிந்துவிடும். செய்து பார்க்க வேண்டுமானால் சொல்லியாக வேண்டும். வீட்டுக்கு வந்து ஜோசுவாவிடம் எல்லாவற்றையும் சொன்னாள். அவர் போன வருஷத்து, இந்த வருஷத்துக் காலண்டர் இரண்டையும் ஆணியிலிருந்து கழற்றி, கட்டைப்பையில் வைத்து அவளிடம் கொடுத்தார். "நீ கேக்காம இருக்க மாட்ட. போய் கேட்டுட்டு வா" என்றார்.

வியாழக்கிழமை ஷிப்ட் முடிந்ததும் தினகரன் அறைக்குப் போனாள். தினகரன் கெட்டவர் என்று சொல்ல முடியாது. வேலைக்காரர்களின் பிள்ளைகள் பேரைக்கூட ஞாபகம் வைத்திருப்பார். காலண்டரை மேஜையில் விரித்து, எல்லம்மாளின் மணிக்கட்டில் ஆரம்பித்து எல்லாவற்றையும் சொன்னாள். ஸ்ரேயா பேரை மட்டும் சொல்லவில்லை. தினகரன் ஒவ்வொரு மாசமாகப் புரட்டினார். கண்ணாடியைக் கழற்றிவிட்டு மறுபடி பார்த்தார்.

"இத நீயேவா குறிச்ச?"

"ஆமா சார். தப்பு எவ்ளோ கொறைஞ்சிருக்குது பாருங்க. மத்த லைன்லயும் செஞ்சு பாக்கலாம் சார். பரீட்சைய எல்லாருக்கும் வெச்சு, ஒவ்வொரு எடத்துலயும் பத்து பேரு போட்டோவையும் மாட்டிட்டா ஆடிட்டர் இன்னா சொல்லப் போறாரு?"

"எஸ்தர், இப்ப போட்டோ பத்து இல்லியே. ஆடிட்டர் உன் காலண்டர பாக்க மாட்டான்மா. போட்டோவத்தான் பாப்பான்." சொல்லிக்கொண்டே தன் போனில் காலண்டரை ஒவ்வொரு பக்கமாகப் படம் எடுத்துக்கொண்டார்.

வெள்ளிக்கிழமை சிம்ரனிடமும் எல்லாவற்றையும் சொன்னாள்; ஒரு பாரத்தையும் கிழிக்காமல், தலையை மட்டும் வெட்டிய நகல்களை அவள் கம்பெனிக்குக் கொடுத்தாள். திங்கட்கிழமை எஸ்தருடைய லீடர் பட்டையை வாங்கிக்கொண்டார்கள். பர்மனெண்ட் லிஸ்டில் அவள் பேர் இருந்த இடத்தில் வேறு பேர் வந்தது. வேலையை விட்டு எடுக்காததே பெரிய தயவு என்று தினகரன் சொன்னார், அவர் அதை நிஜமாகவே நம்பினார். எஸ்தர் அதே நாலாம் லைனில் பத்தோடு பதினொன்றாக நின்றாள். பஸ்ஸில் வரும்போது அழுதாள். எல்லம்மாள் பக்கத்தில் உட்கார்ந்து அவள் கையைப் பிடித்து மடியில் வைத்துக்கொண்டாள். ஸ்ரேயாவுக்குக் கடைசி வரை எதனால் என்று தெரியாது. மறுபடி சொல்கிறேன், இன்றுவரை தெரியாது.

மூன்று மாசம் கழித்துத் தொழிற்சாலை வாசலில் பெரிய போஸ்டர் ஒட்டினார்கள். 'ஸ்மார்ட் ரொட்டேஷன்' என்று அதற்குப் பேர். ஆறு லைனிலும் எல்லோரும் எல்லா வேலையும் செய்யலாம். எல்லோருக்கும் பரீட்சை வைத்துப் போட்டோ மாட்டியாகிவிட்டது. கம்ப்யூட்டர் சார்ட் போடும். மணிக்கு ஒருமுறை பெல் அடிக்கும், சார்ட்டில் உள்ளபடி நகர வேண்டும். போஸ்டரில் தினகரன் கை கட்டி நின்று சிரித்தார். எஸ்தர் அதன் முன் ரொம்ப நேரம் நின்றாள். காலண்டரில் அவள் போட்டிருந்த கட்டங்களே கலர் கலராக அதில் இருந்தன. கோபம் வந்தது. ஆனால் அதற்கும் மேலே, இனி ஆறு லைனிலும் என்ன ஆகும் என்று பார்க்க ஆசை வந்தது. அந்த ஆசை வந்ததற்காகத் தன் மேலேயே இன்னும் கோபம் வந்தது.

போஸ்டர் ஒட்டி ஐந்து மாசம் ஆன பிறகு சிம்ரன் இரண்டாவது தடவை பாரம் கொண்டுவந்தாள். இந்த முறை முதல் வரியிலேயே கொட்டை எழுத்தில் அச்சடித்திருந்தது: பேர் எழுத வேண்டாம். மேலே எந்தக் குறியும் போட வேண்டாம். கேன்டீனில் அறுபது எழுபது பேனாக்கள் அந்தரத்தில் நின்றன. சுழி போடாமல் எங்கே ஆரம்பிப்பது என்று ஒருத்திக்கும் தெரியவில்லை. எல்லம்மாள் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, மேஜை மேல் விரலால் ஒரு உ போட்டு, அப்புறம் பாரத்தில் எழுதத் தொடங்கினாள். அதைப் பார்த்து மற்றவர்களும் மேஜையில் போட்டார்கள். முடித்து எழுந்த எல்லம்மாள், "இந்த தபா ஒண்ணுக்குகூட அஞ்சு போடல" என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து எஸ்தர் வீட்டுக்கு வந்து சேர்ந்த நேரம், சிம்ரன் ஸ்கூட்டியில் வந்து இறங்கினாள். கையில் ஒரு கட்டுத் தாள். ஜோசுவா டீ போடப் போனார். சிம்ரன் உட்காரக்கூட இல்லை.

"அக்கா, மத்த அஞ்சு லைனும் கொஞ்சம் ஏறியிருக்குது. உங்க லைன் மட்டும் இறங்கிடுச்சு. எல்லாருக்கும் கீழ இருக்குது. இடம் மாறுறதுதான் காரணம்னா, இப்பவும் மாறத்தானே செய்றீங்க? முன்னாடி மாதிரியே மணிக்கு ஒரு தரம். என் கைடு, டேட்டா தப்புன்றாரு."

எஸ்தர் செருப்பைக் கழற்றாமலே அந்தத் தாளை வாங்கிப் பார்த்தாள். அவள் முகம் மலர்ந்துவிட்டது. ஒன்பது மாசத்துக்கு அப்புறம் மலர்ந்தது.

"தப்பு இல்லம்மா. சரியாத்தான் இருக்குது. முன்ன நாங்களா மாத்திக்கினோம். கால் வலிக்குதா, நீ ஒக்காரு. சண்டையா, நீ டேப்ப புடி. யாருக்கு இன்னா வேணும்னு ஒருத்தர ஒருத்தர் பாத்துக்கினு இருந்தோம். இப்ப பெல்லு மாத்துது. நேத்து எல்லம்மாக்கா கையி வீங்கிக்கினு இருந்துச்சு. சார்ட்ல அதுக்கு டேப்பு. நான் மாத்திக்கலாம்னு போனேன், புது லீடரு வுடல." தாளைச் சிம்ரனிடம் திருப்பிக் கொடுத்தாள். "நானும் மாறுறதாலதான்னு நெனச்சேன். காலண்டர்ல அதத்தான் எண்ணுனேன். எண்ண வேண்டியது இதுன்னு தெரியாம போச்சே."

சிம்ரன் வாசற்படியிலேயே உட்கார்ந்து எழுதிக்கொண்டாள். எழுதி முடித்துத் தலையைத் தூக்கினாள். "கா, இதுதான் என் தீசிஸே. நீங்க சொன்னது, காலண்டர், எல்லாத்தையும் எழுதிக்கலாமா? பயப்படாதீங்க. உங்க பேர் எங்கியும் வராது. முதல்ல சொன்னத ஏற்கனவே டைப் பண்ணியிருக்கேன், பாருங்க."

தாளை நீட்டினாள். எஸ்தர் படித்தாள். 'பங்கேற்பாளர் 41 தனது லைனில் இடம் மாறும் முறையைத் தானே உருவாக்கி, பதினைந்து மாதங்கள் பதிவு செய்துள்ளார்.'

"இது யாரு, நாப்பத்தொண்ணு?"

"நீங்கதான்கா."

எஸ்தர் அந்த எண்ணின் மேல் விரலை வைத்தாள். ஜோசுவா டீயோடு வந்தவர் அவள் முகத்தைப் பார்த்துவிட்டு அங்கேயே நின்றார்.

"சின்ன வயசுல ஒரு பஸ்ஸ டைமுக்கு வர வெச்சேன்" என்றாள் எஸ்தர். "யாருக்கும் தெரியாது. இப்ப ஆறு லைன் ஓடுது. அதுல தினகரன் சார் போட்டோ இருக்குது. பேனா குடு."

"அக்கா, பேர் போட்டா உங்களுக்குத்தான் ஆபத்து. கம்பெனில யாராவது படிச்சா? காலேஜ்ல ரூல் வேற இருக்குது, கமிட்டில கேக்கணும்."

"ஸ்ரேயா பேர் எங்கியும் வரக் கூடாது. எல்லம்மாக்கா பேரும் வேணாம். அவங்க பேரையெல்லாம் நல்லா வெட்டிடு. என்னுது என்னுதுதானே? கமிட்டில கேளு. நான் காத்துக்கினு இருக்கேன்."

சிம்ரன் பேனாவைக் கொடுத்தாள். எஸ்தர் தாளை முழங்காலில் வைத்துக்கொண்டாள். முதலில், மேலே, ஒரு சின்னச் சிலுவை போட்டாள். பிறகு பங்கேற்பாளர் 41 என்பதை ஒரே கோட்டில் அடித்துவிட்டு, அதன் மேல் இடம் போதாமல் நெருக்கி நெருக்கி எழுதினாள். தென்னேரி ஆ. எஸ்தர், நாலாம் லைன்.